ஊரில் எல்லாரும் சுகம்

காரில் ஏறி உட்கார்ந்ததும், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிற மா நெயோ வழக்கம்போலக் கேட்டார், ஊரில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று. தெய்வேந்திரனும் வழக்கம்போலச் சொன்னான், எல்லாரும் சுகம் என்று. இன்னும் விடியவில்லை. ஹீட்டர் சூடாக நேரமாகும், கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர், அவனும் அப்படியே வைத்துக்கொண்டான். இண்டர்வியூவுக்கென்று மதுரையில் தைத்த கோட்டைப் போட்டிருந்தான். சாவு வீட்டுக்கு ஆண்கள் கோட்டில்லாமல் வரக்கூடாது என்று நேற்றே அவர் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசைக்காரன் காபோ. காபோவின் அம்மா போன வாரம் இறந்துபோனார், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டில் ஜெபம், இன்று விடிந்ததும் அடக்கம். தலைநகர் கபரோனேயிலிருந்து காபோவின் ஊரான மொச்சுடிக்கு முக்கால் மணி நேரம். நகரத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் முள்மரமும் இருட்டும்தான். எதிரே ஒரு லாரி வந்தது, அவன் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. பிரேக். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன பிரேக். அப்பா அப்படித்தான். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டிவிட்டு, ரிட்டயர் ஆன பிறகு எந்தக் காரில் ஏற்றினாலும் முன்சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்துக்கொண்டே வருவார். என்னப்பா என்றால், அவன் மிதிக்கிற மாதிரித் தெரியலையே, நானாச்சும் மிதிக்கிறேன் என்பார். என்பார். என்பார் என்று நினைத்தால் பரவாயில்லை, அது இன்னும் வரப்போகிற காலத்தைச் சேர்ந்த சொல், இந்தத் தடவை ஊருக்குப் போனாலும் சொல்வார் என்பது போல. காலை மடக்கி சீட்டுக்கடியில் இழுத்துக்கொண்டான்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரத்தில், இந்தக் குளிருக்கு எந்தப் போர்வை போதும் என்றுகூடத் தெரியாத நாட்களில், அலுவலக நடையில் நின்றிருந்தபோது அண்ணன் குபேந்திரனின் போன் வந்தது. அப்பா போயிட்டாருடா என்றான். பாஸ்போர்ட் வேலை அனுமதிக்காகக் குடியேற்ற அலுவலகத்தில் கிடந்தது. அது கைக்கு வந்து, இரண்டு விமானம் மாறி, மதுரையில் இறங்கி, சின்னமனூர் போய்ச் சேருவதற்குள், நீ வர்ற வரைக்கும் வைக்க முடியாதுடா, வெயில் அடிக்கிற அடிக்கு, என்றான் அண்ணன். சரிண்ணே என்றான் தெய்வேந்திரன். அந்தச் சரியைச் சொன்ன வேகம் இருக்கிறதே. சித்தப்பா மகன் ஒருத்தன் மயானத்திலிருந்து வீடியோவில் காட்டினான். கூட்டம், புகை, யாரோ குடத்தைத் தோளில் ஏற்றுகிறார்கள், படம் ஆடி ஆடி ஓரிடத்தில் நின்றுபோனது. யாரோ ஒருவருடைய சட்டைப் பை. வெள்ளைச் சட்டை, பையில் நீல மூடி போட்ட பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் பீடிக்கட்டின் நூல். நெட்வொர்க் வரும் வரும் என்று அந்தச் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் கொள்ளி வைத்தது அந்தப் பைக்குப் பின்னால் எங்கேயோ நடந்திருக்க வேண்டும். அதற்குள் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். போனான். மூன்று கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய், எங்கே அழுத்தம் குறையும், எங்கே இன்னொரு தொட்டி கட்ட வேண்டும், எல்லாவற்றையும் விளக்கினான். நன்றாகப் பேசினான். அதுதான். நன்றாகப் பேசினான். வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக என்றைக்கும் பேசியதில்லை, ஒரு சொல்லுக்கும் திணறவில்லை, நடுவில் ஒரு வேடிக்கைகூடச் சொன்னான், மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், முடிந்ததும் காபோ தோளில் தட்டினான். எப்படி முடிந்தது அவனால். ஒரு எண்ணாவது தப்பியிருந்தால், தண்ணீர் கிளாசை ஒரு தடவை கை தட்டிவிட்டிருந்தால், அதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இல்லை. நன்றாகப் பேசினான். நீல மூடி.

மறுநாள் காலையில் மா நெயோ கேட்டார். அவர் அலுவலக நிர்வாகத்தைப் பார்ப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், நெயோ அவருடைய மூத்த மகளின் பெயர். இங்கே பெண்களை மா என்றும் ஆண்களை ரா என்றும் கூப்பிட்டுப் பிள்ளையின் பெயரையோ வீட்டுப் பெயரையோ சேர்த்துக்கொள்வார்கள், அவனுக்கு அவன் பெயரையே சுருக்கி ரா தேவா என்றார்கள். காலையில் யாரும் குட்மார்னிங் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நின்று, கண்ணைப் பார்த்து, தூங்கினாயா, எழுந்தாயா, ஊரில் எல்லாரும் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டுதான் விடுவார்கள். அவர்கள் பாஷையில் அந்தக் கேள்வியே, வீட்டில் உள்ளவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதானாம், அதற்குப் பதில், பா தெங். இருக்கிறார்கள். காபிக் கோப்பையோடு நின்றிருந்த அவனிடம் மா நெயோ கேட்டார், அவன் வாய் திறந்து, பா தெங், என்றது. தங்கள் பாஷையை அவன் ஒழுங்காக உச்சரித்த சந்தோஷத்தில் மா நெயோ கைதட்டினார். இருக்கிறார்கள். தமிழிலும் அப்படித்தானே, அப்பா இருக்காரா என்று வாசலில் நின்று கேட்பார்கள், இருக்காரு, உள்ள இருக்காரு, வாங்க என்போம். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழியில்லாமல் போயிற்று. அடுத்த நாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும். இருக்கிறார்கள், இருக்கிறார்கள். வாரம் திரும்புவதற்குள் அது பொய் மாதிரியே இல்லை. இந்த ஊரில் அப்பா இருந்தார். சாயங்காலம் சட்டையில்லாமல் வாசலில் நாற்காலி போட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காது கொடுத்து, இது கம்பம் வண்டி, கியர் மாத்தத் தெரியாத பய ஓட்றான், என்று சொல்லிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் காபோவிடம் அப்பாவின் பிரேக் கதையைச் சொன்னபோது, மிதிக்கிறார் என்றுதான் சொன்னான், மிதித்தார் என்று வரவில்லை. காபோ வாய்விட்டுச் சிரித்தான். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். அந்த மனுஷனைக் கூட்டிட்டு வரச் சொல்லு, என்னையும் நம்ம ஊர்க் கோம்பியில் ஏற்றி நான் எங்கே மிதிக்கிறேன் என்று பார்க்கட்டும், என்று அந்தம்மா சொல்லியனுப்பினார். கோம்பி என்பது இங்கத்து வேன், பஸ்ஸுக்குப் பதில் ஓடுவது. கூட்டிட்டு வர்றேன் என்றான் தெய்வேந்திரன். சொல்லும்போது மனசு நிஜமாகவே விசா, டிக்கெட், அப்பாவுக்கு ஸ்வெட்டர் என்று ஓடியது.

"என்ன யோசனை?" என்றார் மா நெயோ, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்லை மா. குளிர்."

"மயானத்தில் இதைவிட அதிகமாக இருக்கும். பயப்பட வேண்டாம், என் பக்கத்திலேயே நில்லுங்கள். மண் போடும்போது மட்டும் ஆண்கள் பக்கம் போய்விடுங்கள்."

பயம். எப்படிக் கண்டுபிடித்தார். பயம்தான், இந்த மாதம் முழுக்கவே பயம். போன ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடின, எலுமிச்சைச் சாதம், வடை, பிள்ளைகள் திருக்குறள் ஒப்பித்தார்கள். காரைக்குடிக்காரர் உலகநாதன், கணக்குத் தணிக்கை செய்பவர், இங்கே பதினைந்து வருஷமாக இருப்பவர், வடையை அவன் தட்டில் வைத்துவிட்டு, அப்பா அம்மாவெல்லாம் சௌக்கியமா தம்பி என்றார். அம்மா இல்லைங்க, சின்ன வயசுலயே. அப்பா? தொண்டையில் வடை. செட்ஸ்வானாவில், இவர்கள் பாஷையில், வழுக்கிக்கொண்டு வந்தது தமிழில் வரவில்லை. இருக்காருங்க, என்றான் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு. காது இரண்டும் எரிந்தது. அவருக்குத் தேனிப் பக்கம் யாராவது இருந்தால், அந்த யாரோ ஒருவர் வெள்ளைச் சட்டையும் பேனாவுமாக மயானத்துக்கு வந்திருந்தால். கைகழுவப் போனவன் அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். பாஸ்போர்ட் கருமாதிக்கு நாலு நாள் முன்னாலேயே கைக்கு வந்தது. மதுரையிலிருந்து சுகந்தி பேசினாள், அவன் மனைவி, மகள் படிப்புக்காக அங்கேயே இருப்பவள், அவனுக்குப் பதிலாக எல்லாக் காரியத்துக்கும் போய் நின்றவள். கருமாதிக்காவது வந்துட்டுப் போயிருங்க, உங்க அண்ணன் உங்களத்தான் எதிர்பார்க்குறாரு, என்றாள். வேலையிருக்கு என்றான். வேலை. யார் அவனை நிறுத்தினார்கள், கேட்டிருந்தால் மா நெயோவே விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டிருப்பார். போனால் அந்த வாசல். நாற்காலி காலியாக இருந்தால் பரவாயில்லை, நாற்காலியை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். சுகந்தி, சரி உங்க இஷ்டம், சாப்பிடுங்க, என்று வைத்துவிட்டாள்.

காபோவின் வீடு தூரத்திலிருந்தே தெரிந்தது, வேலியை ஒட்டிக் கார்கள், முற்றத்தில் பெரிய வெள்ளைக் கூடாரம், ஓரமாக விறகடுப்பில் மூன்றுகால் இரும்புப் பானைகள், ராத்திரியிலிருந்து மாட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, அதைக் கிண்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஆண்கள். புகை கண்ணில் பட்டது. நல்லது, புகை இருக்கட்டும். பெண்கள் தோளைச் சால்வையால் மூடிக்கொண்டு பாடினார்கள், அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எடுக்க மற்றவர்கள் அதன்மேல் ஒவ்வொரு அடுக்காக ஏறினார்கள், அழுகை மாதிரியும் இருந்தது, தூக்க முடியாத எதையோ சேர்ந்து தூக்குவது மாதிரியும் இருந்தது. காபோ கறுப்புக் கோட்டில், முகம் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி ஒன்றுமே இல்லாமல், அவன் கையைப் பிடித்து, வந்தீர்களா, என்றான். வந்தேன். ஜெபத்துக்கு மூன்று சாயங்காலம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் நடந்தார்கள். ஊருக்கு வெளியே மயானம், செம்மண், கிழக்கே இப்போதுதான் வெளுத்தது. ஒவ்வொரு சமாதிக்கு மேலும் இரும்புக் கம்பி நட்டு நர்சரிச் செடிகளுக்குப் போடுகிற பச்சை வலையை நிழலாகக் கட்டியிருந்தார்கள். வெயில் படக் கூடாது என்று. செத்தவர்களுக்கு வெயில் படக் கூடாது என்று. வெயில் அடிக்கிற அடிக்கு என்றான் அண்ணன். மா நெயோவின் பக்கத்திலேயே நின்றான். பெட்டி இறங்கியது. காபோவும் அவன் தங்கைகளும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள், பெட்டியின்மேல் அது விழுந்த சத்தம் மழை தொடங்குகிற சத்தம் போலிருந்தது, உடனே நாலைந்து ஆண்கள் மண்வெட்டியோடு குவியலின்மேல் ஏறினார்கள். இங்கே கூலிக்கு ஆள் இல்லை, வந்தவர்களே மூடுகிறார்கள், ஒருவர் பத்துத் தடவை அள்ளிப் போட்டதும் அடுத்தவர் வந்து வாங்கிக்கொள்கிறார். மா நெயோ அவன் முழங்கையை மெல்லத் தள்ளினார். போனான். யாரோ ஒரு கிழவர் மண்வெட்டியை நீட்டினார், பிடி அவர் கைச்சூட்டோடு இருந்தது.

முதல் அள்ளல் பாதி சிந்தியது. இரண்டாவது சரியாக விழுந்தது. மண் கனமாக இருக்கும் என்று நினைத்தான், இல்லை, உலர்ந்த மண், புழுதியாகப் பறந்து வாயில் ஒட்டியது, நாக்கில் உப்பு. இது அந்தம்மா. இது, கூட்டிட்டு வரச் சொல்லு என்ற அந்தம்மா. ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. அள்ளினான். அண்ணன் ஒருத்தனாகவா எல்லாம் செய்தான், குடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தபோது அவன் இடது தோள் வலித்திருக்கும், அது ஒரு தடவை எலும்பு விலகிய தோள். அள்ளினான். பக்கத்தில் ஒருவர் வந்து கை நீட்டினார், வாங்கிக்கொள்ள. தலையை ஆட்டினான். இன்னொருவர் வந்தார். இல்லை. கோட்டுக்குள் முதுகு நனைந்தது, மூச்சு வாங்கியது, குழி மேலேறி வந்தது, மூடிவிடும், இன்னும் கொஞ்சத்தில் மூடிவிடும், மூடினால் அவ்வளவுதான், ஆனால் கை நிற்கவில்லை, நிறுத்தினால் என்ன ஆகும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. பாட்டு எங்கேயோ தூரத்தில் போயிற்று. அப்போது மண்வெட்டியின் பிடியை இன்னொரு கை பிடித்தது, இழுக்காமல், சும்மா பிடித்தது. காபோ.

"போதும், ரா தேவா. எங்க அம்மாவுக்கு நீங்க போட்டது போதும்."

விடவில்லை. இருவர் கையும் அந்தப் பிடியில் இருந்தன. இப்போது வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் போதும், திங்கட்கிழமை காலையில் மா நெயோ கேட்பார், பா தெங் என்று சொல்லலாம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், இந்த ஊர் உள்ள வரைக்கும்.

"எங்கப்பா செத்துப்போயிட்டாரு," என்றான்.

தமிழில்தான் சொன்னான் போலிருக்கிறது. காபோ புரியாமல் பார்த்தான். மறுபடியும், அவனுக்குப் புரிகிற மாதிரி, ஆங்கிலத்தில் சொன்னான். சொன்னதும் கை தானாகத் தளர்ந்தது. மண்வெட்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"எப்போ? இப்போதான் போன் வந்ததா?"

"நான் வந்த முதல் வாரம். அந்த மீட்டிங் நாள்."

காபோவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், கோபம் வந்தால் நன்றாக இருக்கும். காபோ சொன்னது வேறு. "ஆஸ்பத்திரியில் வைத்துக்கூட அம்மா கேட்டாங்க. அந்த டிரைவர் எப்படி இருக்கார் என்று. நன்றாக இருக்கார் என்று சொன்னேன். அவங்களுக்குச் சந்தோஷம்," என்றான். பிறகு அவன் கோட்டிலிருந்த மண்ணை, குழந்தைக்குத் தட்டிவிடுவது போலத் தட்டிவிட்டு, தன் தங்கைகள் நின்ற இடத்துக்குப் போனான்.

திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் தொட்டிகளில் தண்ணீர் வைத்திருந்தார்கள், கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நம் ஊரிலும் அப்படித்தான், என்று சொல்லத் திரும்பினான், மா நெயோ அவனைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி அதற்குள் அவருக்கு வந்துவிட்டிருந்தது. "தினமும் கேட்டேனே," என்றார். "இன்று காலையில்கூடக் கேட்டேனே, ரா. நான் என்ன வெறும் பேச்சுக்காகவா கேட்டேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்திருப்போம். நாற்காலி கொண்டுவந்திருப்போம். ஒரு வாரம் உட்கார்ந்திருப்போம். தனியாக அந்த அறையில் நீங்கள்…" நீங்கள் கேட்டதால்தான் அவர் இருந்தார் மா, என்று சொல்ல நினைத்தான். சொன்னால் என்ன புரியும், சொல்லாவிட்டாலும் என்ன. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். அவர் தன் சால்வை முனையால் அவன் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, அழுத்தி, கோபம் போகாமலேயே.

கூடாரத்தில் காபோவின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார், அக்காளாக இருந்து தங்கையை அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர். அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைக்கச் சொன்னார். அவர் கேட்பதை மா நெயோ மாற்றிச் சொன்னார், அவன் சொல்வதை அவருக்குச் சொன்னார். அப்பா பெயர் என்ன. சுருளிவேல். சுருலிவேலே, என்று அந்த வாய் இரண்டு மூன்று தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டது. எங்கே புதைத்திருக்கிறார்கள். புதைக்கவில்லை, எங்களில் எரித்துவிடுவோம், சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிடுவோம். பெரியம்மா மா நெயோவின் பக்கம் சாய்ந்தார். பிறகு ஏதோ கேட்டார், மா நெயோ உடனே மாற்றிச் சொல்லவில்லை. என்ன கேட்கிறார் என்றான்.

"அப்படியென்றால் அவரைப் பார்க்க நீ எங்கே போய் நிற்பாய் என்று கேட்கிறார்."

தெரியவில்லை. எந்தத் தண்ணீர் என்றே தெரியவில்லை. அண்ணன் எங்கே கரைத்தான், எந்தக் கிழமை, கூட யார் போனார்கள், ஒன்றுமே தெரியவில்லை. யாரிடமும் அவன் ஒன்றும் கேட்டதே இல்லை. எழுந்து வேலியோரமாகப் போய் நின்றான். வெயில் ஏறியிருந்தது, ஊரில் மத்தியானமாக இருக்கும், அண்ணன் வாழைக்காய் மண்டியில் இருப்பான். போன் போட்டான், அண்ணன் இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே. அப்பாவ எங்கண்ணே கரைச்ச?"

அந்தப் பக்கம் மண்டி இரைச்சல் கேட்டது, யாரோ தார் எண்ணுகிறார்கள், பிறகு இரைச்சல் குறைந்தது, எழுந்து வெளியே வந்திருக்கிறான்.

"சுருளியிலதான்டா," என்றான் அண்ணன். "அருவிக்குக் கீழ, படித்துறையில. அங்கிட்டுத் தண்ணி நல்லா வந்துச்சு. இத்தனை நாளா நீ கேப்ப கேப்பன்னு இருந்தேன்டா. ஒண்ணுமே கேக்கலையேடா நீ." கொள்ளி வைத்த அன்று அண்ணன் அழவில்லை, பந்தல்காரனிலிருந்து சமையல்காரன் வரை எல்லாரையும் அவனே பார்த்துக்கொண்டான், என்று சுகந்தி சொல்லியிருந்தாள். இப்போது மண்டி வாசலில் நின்று, ஆட்கள் போக வர, அழுகிற சத்தம் போனில் வந்தது. தெய்வேந்திரன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் வந்தது, அடிவயிற்றிலிருந்து, சத்தமாக, முற்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் பக்கத்தில் வரவில்லை, பார்வையை எடுக்கவும் இல்லை.

"வர்றேண்ணே. அடுத்த வாரம் வர்றேன். ஆனா இப்பவே சொல்லு."

"என்னத்தடா சொல்ல?"

"அன்னைக்கு நடந்தத. மொதல்லருந்து சொல்லு."

அண்ணன் மூக்கைச் சிந்தினான். "அவ்வளவு வெயிலுக்கு நடுவுல மொத நாள் ராத்திரி நல்ல மழைடா," என்று ஆரம்பித்தான், குரல் இன்னும் நேராகவில்லை. "காலையில கரண்டு இல்ல. உங்க அண்ணி காப்பி போட்டுக் குடுத்தா. சீனி பத்தலைன்னு திருப்பிக் குடுத்தாரு…"

"திருப்பிக் குடுத்தாரா?"

"ஆமாடா. அவளும் போட்டுக் கலக்கிக் குடுத்தா. வாங்கிக்கிட்டு வெளிய வந்து உக்காந்தாரு. ரோட்டுல தண்ணி நிக்குது, பஸ்ஸு லேட்டாத்தான் வரும்னு சொன்னாரு…"

"மெதுவா சொல்லுண்ணே," என்றான் தெய்வேந்திரன். "அவசரமில்ல." அவன் வேலியோரத்து மண்ணிலேயே கோட்டோடு உட்கார்ந்துகொண்டான். அப்பா இன்னும் காப்பியைக் குடித்து முடிக்கவில்லை.